தெருவில் நாற்காலி போட யாருக்கு உரிமை?

(இளைஞர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நியூயார்க் நகரத்தின் பார்க்கிங் விதிகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் கூட்டத்தை ஒழுங்கு செய்த தோழர் தயங்கினார். "தோழர், நம்ம ஆளுங்க ஆணவக்கொலை, இடஒதுக்கீடுன்னு எதிர்பார்த்து வருவாங்க. அமெரிக்காவுல கார் நிறுத்துற இடத்துல ஓட்டல்காரன் மேசை போட்டா நமக்கென்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் என் வீட்டுக் கதை. என் அம்மா பதினோரு ஆண்டுகள் தள்ளுவண்டியில் இட்லிக் கடை நடத்தினார். காலை ஐந்து மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் பத்து மணிக்குள் வியாபாரம் முடிந்துவிடும். உட்கார இடம் கிடையாது. தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே சாப்பிட வேண்டும். கையேந்தி பவன் என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்கிறோமே, அதுதான். வயதானவர்கள் நிற்கச் சிரமப்படுகிறார்கள் என்று ஒருநாள் மூன்று பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டார். அடுத்த வாரமே லாரி வந்தது. நடைபாதை ஆக்கிரமிப்பாம். ஸ்டூல் போனது, இட்லிக் குண்டான் போனது, வண்டியும் போனது. வண்டியை மீட்க அம்மா எட்டு நாள் அலைந்தார். அந்த எட்டு நாளும் தண்டல்காரருக்கு வட்டி மட்டும் நிற்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து அதே தெருவுக்குப் போனேன். அம்மா கடை போட்ட மரத்தடியில் ஒரு காபி கடையின் மர மேசைகள். சுற்றிலும் பூந்தொட்டி, மேலே மஞ்சள் விளக்குகள். ஒரு காபி 180 ரூபாய். நடந்து போகிறவர்கள் சாலையில் இறங்கித்தான் போகிறார்கள். ஆனால் யாரும் அதை ஆக்கிரமிப்பு என்று சொல்லவில்லை. என் நண்பன்கூட "சூப்பர் ஆம்பியன்ஸ்டா" என்றான்.

இடம் ஒன்றுதான். செய்த காரியமும் ஒன்றுதான். பெயர் மட்டும் மாறியிருக்கிறது. யார் செய்தார்கள் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது என்றால் அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். நாம் அதைத்தானே காலம் காலமாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்?

இனி நியூயார்க்குக்குப் போவோம்.

2020 ஜூன் மாதம். கொரோனாவில் நகரம் முடங்கிக் கிடந்தது. உணவகத்துக்குள் உட்கார்ந்து சாப்பிடத் தடை. லட்சக்கணக்கான சமையல்காரர்கள், பரிமாறுபவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள் வேலையிழந்து நின்றார்கள். அப்போதைய மேயர் பில் டி பிளாசியோ ஓர் அவசர ஆணை போட்டார். உணவகங்கள் தங்கள் கடைக்கு முன்னால் நடைபாதையிலும், சாலையோரம் கார் நிறுத்தும் இடத்திலும் மேசை போட்டுக்கொள்ளலாம். கட்டணம் கிடையாது. இணையத்தில் ஒரு படிவம் நிரப்பி, 'விதிகளின்படி நடந்துகொள்கிறேன்' என்று தானே உறுதி கொடுத்தால் போதும். 12,000க்கும் மேற்பட்ட உணவகங்கள் சேர்ந்தன. அதற்கு முன் நடைபாதைக் கடைகளுக்கு அனுமதி பெற்றிருந்தவை ஆயிரத்துச் சொச்சம்தான், அதிலும் பெரும்பாலானவை மன்ஹாட்டனில். இந்த முறை குயின்ஸ், பிராங்ஸ், புரூக்ளின் பகுதிகளில் புலம்பெயர்ந்தோர் நடத்தும் சின்னச் சின்னக் கடைகளுக்கும் தெரு கிடைத்தது.

இதை நான் குறை சொல்லப் போவதில்லை. அந்த நகரத்தில் தெருவோரம் சுமார் 30 லட்சம் கார் நிறுத்துமிடங்கள் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் மிகப் பெரும்பான்மை இலவசம். கார் வைத்திருப்பவருக்குப் பொது நிலம் ஓசி. அதில் கொஞ்சத்தை எடுத்து மனிதர்கள் உட்கார விட்டார்கள், பலருடைய வேலையும் பிழைத்தது. நல்ல காரியம்தான்.

ஆனால் பிரச்சினைகளும் வந்தன. பலகை அடித்து நாலு பக்கமும் மூடிய கொட்டகைகள் முளைத்தன. எலி, குப்பை, இரவுச் சத்தம் என்று குடியிருப்போர் புகார் சொன்னார்கள். சக்கர நாற்காலியில் போகிறவர்களுக்கு வழி இல்லை. கைவிடப்பட்ட கொட்டகைகள் மழையில் நனைந்து கிடந்தன. அவசர ஆணையிலேயே எத்தனை காலம் ஓட்டுவது? கடைசியில் 2023 ஆகஸ்டில் நிரந்தரச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் என்ன சொன்னது? கார் நிறுத்தும் இடத்தில் மேசை போடுவது ஏப்ரல் 1 முதல் நவம்பர் 29 வரை மட்டும். பனிக்காலத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். நடைபாதை மேசைக்கு ஆண்டு முழுவதும் அனுமதி உண்டு. மூடிய கொட்டகை கூடாது, குடை மாதிரி எடுத்து மாட்டக்கூடிய கூரைதான். தரை நடைபாதையோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், சக்கர நாற்காலி தடங்கலில்லாமல் ஏற வேண்டும். வண்டிகள் ஓடும் பக்கம் தடுப்பு வைக்க வேண்டும். தீயணைப்புக் குழாயை மறைக்கக்கூடாது. உரிமக் கட்டணம் நான்கு ஆண்டுகளுக்கு 1,050 டாலர், நடைபாதை, சாலை இரண்டும் வேண்டுமென்றால் 2,100 டாலர். அதற்கு மேல் இடத்துக்கு வாடகை மாதிரி ஒரு கட்டணம். சாலையோர இடத்துக்குப் பகுதியைப் பொறுத்து ஆண்டுக்குச் சதுர அடி 5 டாலரிலிருந்து 25 டாலர் வரை. முன்பணமும் கட்ட வேண்டும். விண்ணப்பம் உள்ளூர்ச் சமூகக் குழுவின் பார்வைக்கும் போகும்.

கேட்கும்போது ஒழுங்காகத்தான் தெரிகிறது. பாதி விதிகளை நான் அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவரச் சொல்வேன். எழுதப்பட்ட விதி என்பது சின்ன விஷயமில்லை. எத்தனை அடி, எவ்வளவு பணம், எந்த மாதம் என்று எழுதிவைத்துவிட்டால் மாமூலுக்கு இடம் குறையும். இன்ன காரணத்துக்காக உனக்கு அனுமதி இல்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டி வரும். எழுத்தில் சொன்னதை எதிர்த்து வழக்குப் போடலாம். வாயால் "எடு, எடு" என்பவனிடம் என்ன வழக்குப் போடுவது?

ஆனால் எழுதிய விதியும் ஆள் பார்க்கும். புதிய சட்டத்துக்குப் பிறகு அந்த 12,000 சில ஆயிரமாகச் சுருங்கியது. ஒவ்வோர் ஆண்டும் பிரித்து, கிடங்கில் வைத்து, மறுபடி கட்ட ஆகும் செலவைப் பெரிய கடை தாங்கும். படம் வரைந்து கொடுக்க ஆள் வைக்கும், விண்ணப்பத்தைப் பின்தொடர வக்கீல் வைக்கும். பிராங்ஸில் குடும்பமாகச் சமைத்து விற்கும் கடை என்ன செய்யும்? "நமக்கு எதுக்கு வம்பு" என்று மேசையை உள்ளே எடுத்துப் போட்டுவிடும். வராதே என்று யாரும் சொல்லவில்லை. வருவதற்கான செலவை ஏற்றினார்கள், அவ்வளவுதான். இந்த வித்தை நமக்குப் புதிதா? நுழைவுத் தேர்வு என்ற பெயரில் நம் பிள்ளைகள் பார்க்காததா?

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அதே தெருவில், அதே கார் நிறுத்துமிடத்துக்குப் பத்தடி தள்ளி, வண்டிக்கடைக்காரர் நிற்கிறார். மெக்சிகோ, ஈக்வடார், எகிப்து, வங்கதேசம், செனகல் என்று பல நாடுகளிலிருந்து வந்தவர்கள். வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் ஓரத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் தோசை வண்டிகூட 2001இல் தொடங்கிப் புகழ்பெற்றது. இவர்களுக்கு என்ன விதி?

உணவு வண்டிகளுக்கான அனுமதிச் சீட்டின் எண்ணிக்கைக்கு 1983இல் நகரம் உச்சவரம்பு வைத்தது. நகரம் முழுவதற்கும் சில ஆயிரம்தான். துணிமணி, சாமான் விற்கும் உரிமத்துக்கு அதற்கு முன்பே, 1979இல், 853 என்று வரம்பு கட்டினார்கள். முன்னாள் படைவீரர்களுக்கு மட்டும் விலக்கு. மக்கள்தொகை ஏறியது, புலம்பெயர்ந்தோர் பெருகினார்கள், வரம்பு பல பத்தாண்டுகள் அசையவில்லை. விளைவு? கறுப்புச் சந்தை. அரசுக்கு ஏறக்குறைய 200 டாலர் கட்டி வாங்கும் இரண்டாண்டுச் சீட்டு, கைமாறும்போது 20,000 டாலரைத் தாண்டியது. சீட்டு வைத்திருப்பவன் வீட்டில் உட்கார்ந்து வாடகை வாங்குவான். வெயிலிலும் பனியிலும் நிற்பவன் அவனுக்குக் கொடுப்பான். சீட்டில்லாமல் நின்றால் 1,000 டாலர் வரை அபராதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கார் நிற்கும் இடம் எட்டடிக்கு இருபதடி, 160 சதுர அடி. மிக உயர்ந்த கட்டணமான 25 டாலர் போட்டாலும் ஆண்டுக்கு 4,000 டாலர். ஐந்தடிக்குப் பத்தடி வண்டி வைக்க ஏழை கறுப்புச் சந்தையில் கொடுத்தது ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல். பொதுத் தெருவைப் பணக்காரனுக்கு மலிவாகவும் ஏழைக்கு இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட விலைக்கும் விற்கும் சந்தை இது.

2020இல் உணவகங்களுக்குத் தெருவைத் திறந்துவிட நகரத்துக்குச் சில வாரங்கள் போதுமாக இருந்தன. வண்டிக்கடைக்காரர்களின் வரம்பைத் தளர்த்த 1983இலிருந்து 2021 வரை, 38 ஆண்டுகள் ஆயின. அதுவும் சும்மா கிடைக்கவில்லை. அவர்கள் சங்கமாகத் திரண்டு, மாநகர மன்றத்தின் வாசலில் திரும்பத் திரும்ப நின்று வாங்கியது. 2021 சட்டப்படி ஆண்டுக்கு 445 புதிய உரிமங்கள் வீதம் பத்தாண்டுக்குத் தர வேண்டியிருந்தது. அதையும் நகரம் ஆமை வேகத்தில்தான் கொடுத்தது. உரிமம் இல்லாமல் விற்பது குற்றவியல் வழக்கு என்ற நிலையை மாற்றும் மசோதாவை 2025இல் மன்றம் நிறைவேற்றியபோது அன்றைய மேயர் எரிக் ஆடம்ஸ் தடுத்தார். மன்றம் அந்தத் தடையை மீறி மறுபடி நிறைவேற்றியது.

இன்னொரு கூட்டத்தையும் சொல்ல வேண்டும். அந்த மேசைகளுக்கு நடுவே சைக்கிளில் சாப்பாடு எடுத்துப் போகும் டெலிவரி தொழிலாளர்கள். கொரோனா காலத்தில் நகரமே இவர்கள் கையால் சாப்பிட்டது. ஆனால் எந்தக் கடையின் சாப்பாட்டைச் சுமந்தார்களோ அந்தக் கடையே கழிப்பறைக்குள் விடவில்லை. உணவை எடுக்க வரும் தொழிலாளி கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும் என்று 2021இல் சட்டம் போட வேண்டியிருந்தது! உலகத்தின் பணக்கார நகரம், தோழர்களே. பார்சல் உள்ளே வரலாம், பார்சலைத் தூக்குகிற உடம்பு வரக்கூடாது. இதைக் கேட்டதும் உங்களுக்கு எந்த ஊர், எந்தத் தெரு நினைவுக்கு வருகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

சாதியும் இனவெறியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் வரலாறு வேறு, இலக்கணம் வேறு. ஆனால் இரண்டுமே சாப்பாட்டு மேசையைப் பார்த்துப் பயப்படுகின்றன. 1960 பிப்ரவரி 1ஆம் தேதி அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் ஒரு கடையின் சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தார்கள். அந்தக் கடையில் அவர்கள் பற்பசை வாங்கலாம், நோட்டு வாங்கலாம். உட்கார்ந்து காபி குடிக்க மட்டும் முடியாது. அவர்கள் எழுந்திருக்க மறுத்தார்கள். மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் அந்த மேசை எல்லோருக்கும் திறந்தது.

நம் ஊருக்கு வருவோம். 1924ஆம் ஆண்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது. அதே ஆண்டு சென்னை சட்டமன்றத்தில் ரெட்டமலை சீனிவாசன், பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் பொது அலுவலகத்திலும் எல்லா மக்களுக்கும் உரிமை உண்டு என்று தீர்மானம் கொண்டுவந்தார், அது அரசாணையாகவும் வந்தது. அதே ஆண்டு மகாராஷ்டிரத்தின் மகாத் நகராட்சி தன் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. தாளில் திறந்த அந்தக் குளத்தில் தண்ணீர் அள்ள, 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்து போக வேண்டியிருந்தது. விதி தாளில் இருக்கும், உரிமை காலில் இருக்கும். நடந்துதான் அதை எடுக்க வேண்டும்.

தெருவுக்கு ஒரு போராட்டம் என்றால் ஓட்டலுக்கு ஒரு போராட்டம். 'பிராமணாள்' என்று பலகை மாட்டிய உணவகங்கள் இந்தச் சென்னையில் இருந்தன. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து நாள்தோறும் சிறைக்குப் போனார்கள். கிராமத்து டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது. பெஞ்சும் இருந்தது. எல்லோரும் குவளையைப் பற்றிப் பேசுகிறோம், பெஞ்சைப் பற்றிப் பேசுவது குறைவு. என் தாத்தா கடைசிவரை எந்த டீக்கடையிலும் உட்கார மாட்டார். "நின்னு குடிச்சாத்தான்டா எனக்கு இறங்கும்" என்பார். அது பழக்கமில்லை, பயம் என்று எனக்குப் புரிய இருபது வயது ஆனது. அவர் மகள் தெருவில் கடை போட்டு மூன்று ஸ்டூல் வாங்கிப் போட்டார். அதைத்தான் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இப்போது அரசமைப்புச் சட்டத்தை எடுங்கள். பிரிவு 15, உட்பிரிவு 2. மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் இவற்றின் பேரால் எந்தக் குடிமகனையும் எங்கே தடுக்கக்கூடாது என்று அது ஒரு பட்டியல் போடுகிறது. முதல் வரிசையில் கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள். இரண்டாம் வரிசையில் கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள், பொது இடங்கள். உணவகமும் சாலையும் ஒரே பிரிவில் அடுத்தடுத்து இருக்கின்றன. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் அடி வாங்கிய மனிதர்கள் இருக்கிறார்கள். சாலையில் போட்ட உணவக மேசை என்பது இந்த இரண்டு வரிசையும் சந்திக்கும் இடம். அதனால்தான் நியூயார்க் பார்க்கிங் விதி நம் பிரச்சினை.

இன்றைக்கு ஓட்டலில் சாதிப் பலகை இல்லை. விலைப் பட்டியல் இருக்கிறது. காசு கொடுத்தால் யாரும் உட்காரலாம் என்பார்கள். கடைக்குள் அப்படிச் சொன்னால்கூட ஒரு வாதம். தெருவிலும் காசு கொடுத்தால்தான் உட்காரலாம் என்றால்? சான் பிரான்சிஸ்கோவில் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். 2005இல் அங்கே சில கலைஞர்கள் பார்க்கிங் மீட்டரில் காசு போட்டுவிட்டு, கார் நிறுத்தாமல் புல்தரையும் பெஞ்சும் போட்டு உட்கார்ந்தார்கள். அதிலிருந்துதான் 2010இல் சாலையோர இருக்கைத் திட்டம் பிறந்தது. தொடக்க விதி தெளிவாக இருந்தது: கட்டுகிறவர் கடைக்காரராக இருக்கலாம், உட்காருகிறவர் எதுவும் வாங்கத் தேவையில்லை. இது பொது இடம் என்று பலகை வைக்க வேண்டும். கொரோனாவுக்குப் பின் அங்கும் கடைக்காரர்கள் தங்கள் வாடிக்கையாளருக்கு மட்டும் என்று இடம் பிடிக்க அனுமதி வந்தது. அப்போதும் முழுப் பொது இருக்கைக்குக் குறைந்த கட்டணம், கடைக்கு மட்டுமான இடத்துக்குக் கூடுதல் கட்டணம் என்று வேறுபாடு வைத்தார்கள். நியூயார்க்கின் சாலையோர மேசையோ கடையின் வாடிக்கையாளருக்குத்தான்.

நம் கையில் இதைவிட நல்ல சட்டம் ஒன்று இருக்கிறது. தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம், 2014. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது என்கிறது. மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை தெருவோர வியாபாரிகளுக்கு இடமளித்துத் திட்டம் போடச் சொல்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத் திறனாளிகளுக்கு உரிய இடம் தர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. நியூயார்க் வியாபாரிகள் இந்தச் சட்டத்தைப் படித்தால் பொறாமைப்படுவார்கள். ஆனால் நம் அம்மாக்களுக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. உங்கள் ஊரில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்கள் பார்ப்போம்.

இல்லை. பரவாயில்லை, எனக்கும் போன வருடம்வரை தெரியாது.

நம் நகரங்களும் மாறிக்கொண்டிருக்கின்றன. 2019இல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் பாதசாரி வளாகம் திறந்தார்கள். நடைபாதை அகலமாக இருக்கிறது, நடக்க நன்றாக இருக்கிறது, நானும் நடக்கிறேன். ஆனால் அந்த நடைபாதையில் பல பத்தாண்டுகள் கடை போட்டவர்களை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஒரு கட்டடத்துக்குள் மாற்றிவிட்டார்கள். தெரு அழகாவதற்கு முன்னால் தெருவில் இருந்தவர்கள் போய்விட வேண்டும் என்பது எழுதப்படாத விதியாக இருக்கிறது. நாளைக்கு நம் ஊரிலும் சாலையோர மேசைக்கு விதி எழுதுவார்கள். எழுதும் மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பதுதான் கேள்வி.

நாம் கேட்க வேண்டியவை நான்கு. ஒன்று, உணவகத்துக்குத் தெருவைக் கொடுப்பதற்கு முன், அந்தத் தெருவில் ஏற்கெனவே பிழைப்பவரின் இடத்தை அளந்து எழுது. இரண்டு, கார் நிறுத்துமிடத்தை எடுத்துக் கொடு, நடைபாதையை எடுக்காதே. சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகட்டும். மூன்று, கடை மேசை போட்ட இடத்தில் எதுவும் வாங்காமல் உட்கார ஒரு பெஞ்சு, குடிக்கத் தண்ணீர், அங்கே வேலை செய்பவருக்கும் சாப்பாடு எடுத்துப் போகிறவருக்கும் கழிப்பறை கட்டாயம். நான்கு, வாங்கும் கட்டணத்தை அதே தெருவின் தள்ளுவண்டிக்காரருக்குத் தண்ணீர்க் குழாயும் விளக்கும் போடச் செலவழி.

போகும்போது ஒரே ஒரு வேலை. அடுத்த வாரத்துக்குள் உங்கள் நகராட்சிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். எங்கள் ஊர் நகர விற்பனைக் குழு கடைசியாக எப்போது கூடியது, உறுப்பினர்கள் யார், எத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு உங்கள் தெரு இட்லிக் கடை அக்காவிடம் போங்கள். படித்துக் காட்டுங்கள். நின்றுகொண்டு படிக்காதீர்கள். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படியுங்கள்.